மேலிருந்து கீழாக

கேருபீன்களுக்குக் கண் இல்லை என்பது அத்தையின் குறை.

சபைக் கூடத்து நீள மேசையில் அந்தத் திரை விரிந்து கிடந்தது. மெல்லிய பஞ்சுத் துணி. அதில் இளநீலமும் ஊதாவும் சிவப்புமாக கேருபீன்கள் என்னும் தேவதூதர்கள் இருவர், எதிரெதிரே, சிறகு விரித்து, முகம் தாழ்த்தி. என் மனைவி கடைசியாகத் தைத்தது. நெற்றி இருந்தது, மூக்கு இருந்தது, உதடு இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தை முகத்தின் அதே வெளிர்மஞ்சள் பட்டு நூலால் அடைத்திருந்தாள்.

“பாப்பா முடிக்கலை” என்றார் அத்தை. என் மனைவி அவருக்கு ஒரே மகள். கல்யாணமான பிறகும் பாப்பாதான். “பாருங்க மாப்பிள்ளை, இழைகூட நேரா ஓடலை. இங்க குறுக்கே போகுது, இங்க நெடுக்கே போகுது. கை நடுங்கியிருக்கு, பாவம்.”

அவர் கையில் கறுப்பு நூல் கோத்த ஊசி இருந்தது.

“நாலு கண்ணு. ஒரு காபி குடிக்கிற நேரம். நான் வச்சுடறேன்.”

“தொடாதீங்க அத்தை.”

“ஏன்?”

“அவ விட்டது விட்டபடியே இருக்கட்டும்.”

“பொண்ணு பாதியில விட்டதை அம்மா முடிக்கக் கூடாதா? குருட்டுத் தூதர்களைத் தொங்க விட்டிருக்கீங்களேன்னு வர்றவங்க கேப்பாங்க. நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

“தூங்கறாங்கன்னு சொல்லுங்க.”

அது பழைய கேலி. வீட்டில் இந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம், உன் தூதர்கள் நல்லாத் தூங்கறாங்க என்று மனைவியிடம் சொல்வேன். எழுப்பறவங்க எழுப்பினா எழுந்துப்பாங்க என்பாள். அத்தைக்கும் அது தெரியும். ஊசியைச் சேலை ஓரத்தில் குத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது நான் அழுதிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருப்பார். எனக்கு அழுகை வருவதில்லை. அவள் அடக்கத்தன்றும் வரவில்லை. கல்லாட்டம் நிக்கிறான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தப்பாகச் சொல்லவில்லை.

சபைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை நிஜ அளவில் எழுப்பி, ஒரு வாரம் மக்களுக்குக் காட்டுவது என்று முடிவாகி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வனாந்தரத்தில் அலைந்த ஜனங்களின் நடுவே கடவுள் குடியிருந்த கூடாரம். அதன் நீளம், அகலம், கொக்கி, முளை எல்லாம் வேதத்தில் எழுதியிருக்கிறது. உலகத்தை உண்டாக்கிய கதையை ஒன்றிரண்டு பக்கத்தில் முடித்தவர், ஒரு கூடாரத்துக்கு அத்தனை பக்கம் செலவழித்திருப்பதை மனைவிதான் எனக்குக் காட்டினாள். “கடவுளுக்கும் உன்ன மாதிரி டிராயிங் பைத்தியம்” என்றாள்.

அந்தக் கூடாரத்துக்குப் பத்துத் திரைகளால் ஆன உள்கூரை. அத்தனையிலும் கேருபீன்கள். எல்லாவற்றுக்கும் அவள்தான் படம் வரைந்து கொடுத்தாள். சபைப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். ஒன்பது முடிந்தபோது அவளுக்குச் சபைவரை நடக்க முடியாமல் போனது. பத்தாவதை வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னாள்.

கட்டும் வேலை என்னுடையது. நான் படித்தது சிவில். பிழைப்பு, கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுவது. அலுமினியச் சட்டம், பிளைவுட், துணி. எதைக் கட்டினாலும் பிரிக்கப்போகிறோம் என்று தெரிந்தே கட்டுவேன். அவள் போன பிறகு பாஸ்டர் வீட்டுக்கு வந்து, கஷ்டமா இருந்தா வேற ஆள் பார்க்கிறேன் பிரதர் என்றார். வேண்டாம் என்றேன். வேலைக்குக் கை போனால் போதும். மனசு வர வேண்டியதில்லை.

பாஸ்டர் என்னைவிட இளையவர். ஏணியைக் கண்டால் பயப்படுவார். ஆனால் ஏறாமல் இருக்கமாட்டார். அத்தைக்கும் எனக்கும் கண் விஷயத்தில் மூண்ட தகராறை அவர்தான் தீர்த்துவைத்தார்.

“பத்தாவது திரை கடைசியில வரும். மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு, அந்தக் கடைசி உள்ளறைக்கு மேல. அங்க யாரும் போகப்போறதில்லை. முன்னாடி இன்னொரு திரை தொங்கும், உள்ள விளக்கும் கிடையாது. கண்ணு இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டாலும் ஒன்னுதான். கண்காட்சி முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

இருவரும் ஒத்துக்கொண்டோம். இருவருக்கும் வேறு வேறு எண்ணம். கூடாரத்தைப் பிரிக்கும் அன்றைக்கு அத்தை ஊசியோடு வந்து நிற்பார். அதற்கு முன்னால் நான் அந்தத் திரையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். யாரும் பார்க்காத இடத்தில் தொங்குவதற்குப் பதில், என்னிடம் இருந்தால் என்ன? அவள் கை தொட்டதில் கடைசி அதுதான்.

மைதானத்தில் வேலை தொடங்கியது. என்னோடு எலக்ட்ரீஷியன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஃப்யூஸ் என்றால் தெரியும். அவன் கை வைத்த இடத்தில் முதலில் ஒரு தடவை கரண்ட் போகும், அப்புறம் ஆயுளுக்கும் போகாது. அவன் இந்தச் சபையைச் சேர்ந்தவனும் இல்லை, வேறு எதையும் சேர்ந்தவனும் இல்லை. அதனால் எதையும் கேட்பான்.

பலகைகளுக்குப் பொன் பூச்சு பூசி நிறுத்தினோம். அதன்மேல் பத்துத் திரைகளை ஐந்தைந்தாகப் பிரித்து, நடுவில் கொக்கி போட்டு இணைத்து விரித்தோம். அதற்கு மேல் ஆட்டுமயிருக்குப் பதிலாகக் கம்பளி. அதற்கு மேல் சிவப்புச் சாயம் போட்ட தோல். எல்லாவற்றுக்கும் மேலே, தகசு என்ற மிருகத்தின் தோல் என்று வேதத்தில் எழுதியிருந்ததற்கு, நிறம் செத்த தார்ப்பாய்.

ஃப்யூஸ் தள்ளிப்போய் நின்று பார்த்தான்.

“என்னண்ணே இது. உள்ள அவ்வளவு தையல், அவ்வளவு தங்கம். வெளிய பாத்தா லோடு ஏத்தின லாரி மாதிரி இருக்கு. அக்கா போட்டதை மேல போட்டா ரோட்டுல போறவன்கூட நின்னு பாப்பான்ல?”

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். என் தொழிலில் நல்ல பக்கம் எப்போதும் வெளியே இருக்கும். ஸ்டாலுக்கு உள்ளே ஆணி துருத்திக்கொண்டிருந்தாலும் முகப்பு மின்ன வேண்டும்.

பாஸ்டர் ஏணியின் இரண்டாம் படியில் நின்றபடி பதில் சொன்னார். “கர்த்தர் மனுஷனா வந்தப்பவும் வெளிய இருந்து பார்த்தவங்களுக்குத் தச்சன் மகன்தான் தெரிஞ்சாரு. அழகு எதுவும் தெரியலை. கூட இருந்தவங்களுக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுது.”

“அப்ப இது கூடாரம் இல்ல, ஆளா?”

“ஆள்தான்” என்றார் பாஸ்டர். “கம்பம், கொக்கி, துணி, எல்லாமே அவர்தான்னு நாங்க நம்பறோம்.”

ஃப்யூஸ் தார்ப்பாயை இன்னொரு தடவை பார்த்தான்.

அன்று பிற்பகல் விளக்கை இணைத்தான். ஏழு கிளை கொண்ட குத்துவிளக்கு, உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம். வலது பக்கம் அப்பம் வைக்கிற மேசை. எதிரே, தொங்குதிரைக்கு முன்னால், தூபபீடம். நெருப்பு வேண்டாம் என்று சின்ன மஞ்சள் பல்புகள் போட்டிருந்தான். சுவிட்சைத் தட்டினான். வழக்கம்போல் மைதானம் முழுக்கக் கரண்ட் போனது. திட்டிக்கொண்டே ஓடிச் சரிசெய்தான்.

பிறகு இருவரும் உள்ளே போனோம்.

வெளியே கண் கூசும் வெயில். வாசல் திரையைத் தூக்கிக் குனிந்து இரண்டடி வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. நான்கு மூடல்கள் சத்தத்தைக் குடித்துவிட்டிருந்தன. ஏழு பல்புகள்தான். ஆனால் இரு பக்கமும் பொன் பலகை. ஒவ்வொரு பலகையும் விளக்கை வாங்கி எதிர்ப்பலகைக்குக் கொடுத்தது, அது வாங்கித் திருப்பிக் கொடுத்தது. எங்கே விளக்கு, எங்கே சுவர் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மேலே, கை எட்டாத உயரத்தில், சிறகுகள். நீலச் சிறகும் ஊதாச் சிறகும் ஒன்றையொன்று தொட்டபடி. இத்தனைக்கும் பிளைவுட் எந்தக் கடையில் வாங்கியது, பெயின்ட் எந்த டப்பா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மூச்சு மெதுவாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஃப்யூஸ் செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டிருந்தான். யாரும் சொல்லவில்லை.

“அண்ணே” என்றான், மெதுவாக. “இங்க ஒயரிங்கை மறைக்காம விட்டுட்டேன். அசிங்கமா இருக்கு. நாளைக்கு வந்து ஒளிச்சிடறேன்.”

தொங்குதிரைக்கு அப்பால் அவன் போகவில்லை. உள்ளே வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டிக்கு மேலே ஒரு ஸ்பாட் லைட் போடட்டுமா என்று மட்டும் பாஸ்டரைக் கேட்டான். வேண்டாம் என்றார். முற்றத்துக்குச் சூரியன், பரிசுத்த ஸ்தலத்துக்கு விளக்கு, அதற்கும் உள்ளே மனுஷன் ஏற்றுகிற வெளிச்சம் கிடையாது, அவரே வெளிச்சம் என்றார்.

“அப்ப நம்ம கூடாரத்துல?”

“நம்ம கூடாரத்துல இருட்டுதான். பொய் சொல்ல வேண்டாம்.”

மறுநாள் பாஸ்டர் கூடாரத்தைச் சுற்றி வந்து, பின்சுவரில் நான் விட்டிருந்த இடைவெளியைக் கண்டுபிடித்தார். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழையலாம். வெளியே துணி தொங்கும்.

“இது என்ன பிரதர்?”

“சர்வீஸ் வழி. எல்லா ஸ்டாலுக்கும் விடுவோம். ஏதாவது அறுந்தா, சாஞ்சா, வர்றவங்க கண்ணுல படாம பின்னால போய்ச் சரிபண்ணலாம்.”

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “பிரதர், இதுக்கு ஒரே வாசல்தான். கிழக்க. வேற எந்தப் பக்கமும் வழி கிடையாது. அதுதான் விஷயமே.”

“வேலை பாக்கறவன் எப்படி உள்ள போறது?”

“எல்லாரும் போற மாதிரி. பலிபீடம், தண்ணித்தொட்டி, விளக்கு, தூபம். வரிசையா.”

அந்த வழியை நான் எதற்காக விட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. பத்தாவது திரையின் ஓரம் பின்சுவரில் இறங்கித் தொங்கியது; அந்த இடைவெளியிலிருந்து கை நீட்டினால் எட்டும். கொக்கிகளைக் கழற்ற ஏணிகூட வேண்டாம்.

பலகையை நகர்த்தி அடைத்தேன். அத்தை அந்தப் பக்கமாக நின்றிருந்தார். “பின்பக்கமா வந்து அடிச்சுட்டுப் போகலாம்னு பார்த்தீங்களோ?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மாமியார்கள் வேடிக்கையாகச் சொல்வது நேராக வந்து விழும்.

கடைசி நாள் போதனைக்காகத் தொங்குதிரை கிழிய வேண்டியிருந்தது. சிலுவையில் அவர் உயிர் விட்ட நேரத்தில் தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழாக இரண்டாகக் கிழிந்தது. அந்தத் திரை அவருடைய சரீரம், அது கிழிந்ததால்தான் உள்ளே போக வழி உண்டானது என்பது போதனை. ஒரு வாரம் ஜனங்களைத் திரைக்கு முன்னால் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டு, கடைசி நாள் அவர்கள் கண்ணெதிரே அதைத் திறக்க வேண்டும்.

மோட்டார் வைக்கலாம் என்றான் ஃப்யூஸ். வைத்துக் காட்டினான். மிக்ஸி ஓடுகிற சத்தம் வந்தது. கர்த்தர் சட்னி அரைக்கிறாரா என்று அத்தை கேட்டார். மோட்டாரைக் கழற்றினோம்.

வழி சொன்னது சிமென்ட் மூட்டை. அதன் வாய்த் தையலில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்துவிடும். சங்கிலித் தையல். தொங்குதிரையை நெடுக இரண்டாக வெட்டி, அதே தையலால் இணைத்தால் போதும். நூல் நுனியை மேலே ஒரு வளையத்தில் கோத்து உள்பக்கமாக இறக்கிவிட்டால், பின்னால் இருப்பவர் இழுக்கலாம். இரண்டு பாதிக்கும் ஓரத்தில் கனம் கட்டினால் தானாக விலகும்.

அத்தை ஒரே மூச்சில் தைத்தார். தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தோம். அழகாகப் பிரிந்தது. கீழேயிருந்து மேலாக.

எல்லோரும் மேலே தொடங்கித்தான் தைப்பார்கள். அத்தையும் அப்படித்தான் தைத்திருந்தார். ஆனால் சங்கிலித் தையல் முடித்த முனையிலிருந்துதான் பிரியும்.

“பரவாயில்லை, திறந்துச்சுல்ல” என்றேன்.

பாஸ்டர் தலையை அசைத்தார். “கீழேயிருந்து கிழிஞ்சா மனுஷன் கிழிச்சதாயிடும். மேலேயிருந்து வரணும்.”

அத்தை முணுமுணுக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். திரையைத் திரும்ப மடியில் போட்டு, நூலை உருவி, அடியில் தொடங்கி உச்சியில் முடித்துத் தைத்தார். தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். “பாப்பா கடைசியில வலிக்குதுன்னு சொன்னாளா மாப்பிள்ளை? என்கிட்ட சொல்லவே இல்லை.”

“என்கிட்டயும் சொல்லலை.”

“அழுத்தக்காரி” என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது அவள் கட்டிலில் இல்லை. கூடத்தில், நான்கு நாற்காலிகளின் முதுகில் அந்தத் திரையை விரித்துக் கட்டி, அதற்கு அடியில் தரையில் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஓடினேன். அவள் சிரித்தாள். “விழலை. கூடாரத்துக்குள்ள இருக்கேன். நீயும் வா, இடம் இருக்கு.” தரை சில்லென்றிருந்தது. எழுந்திரு முதலில் என்று தூக்கிக் கட்டிலில் போட்டேன். டார்ச்சை அணைத்தேன். அந்த உடம்பில் கனமே இல்லாததுதான் அன்று என் மனதில் நின்றது.

கண்காட்சி தொடங்கியது. நான் வாசலில் நின்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பினேன். வெளியே வரிசையில் நிற்கும்போது செல்போன், சிரிப்பு, குழந்தைகளின் ரகளை. முற்றத்தில் பலிபீடத்தைத் தாண்டும்போது பாதி அடங்கும். உள்ளே போய்த் திரும்பி வருகிறவர்கள் பேசாமல் வருவார்கள். ஒரு லாரி டிரைவர் வெளியே வந்து என் கையைப் பிடித்து, நீங்க கட்டினதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையை விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு எதுவும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ பெரிய ஒன்றின் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது. கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்பது போல. பார்க்கத்தான் முடியவில்லை.

கடைசி நாள் மதியம். நூலை இழுக்க ஆள் வேண்டும். பின்வழி இல்லாததால் அந்த ஆள் முன்பே உள்ளே போய் இருக்க வேண்டும். “நீங்களே போயிடுங்க பிரதர்” என்றார் பாஸ்டர். “பெட்டிக்குப் பின்னால படுத்துக்கங்க. திறந்ததும் ஜனங்களுக்குப் பெட்டி தெரியணும், உங்க தலை தெரியக் கூடாது. நான் பேச்சை நிறுத்தினதும் இழுங்க.”

அதுவும் வசதிதான் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் உள்ளே நான் மட்டும் இருப்பேன். பத்தாவது திரையைக் கழற்றிவிடலாம். பையில் குறடு எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிழக்கு வாசல் வழியாக நுழைந்தேன். பலிபீடத்தைக் கடந்தேன். அடுத்தது வெண்கலத் தொட்டி. அந்தக் காலத்துப் பெண்கள் தங்கள் முகம் பார்க்கும் வெண்கலத் தகடுகளைக் கொடுத்து, அதில் செய்த தொட்டி. எங்கள் சபைப் பெண்களும் கண்ணாடிகளைக் கொடுத்திருந்தார்கள். தொட்டியின் உள்பக்கம் முழுக்க அவற்றைப் பதித்து, மேலே தண்ணீர் நிரப்பியிருந்தோம். கை கழுவக் குனிந்தேன். என் மனைவியின் கைப்பைக் கண்ணாடி அங்கே இருந்தது. வட்டமானது, ஓரத்தில் சிறு உடைசல். படுக்கையில் விழுவதற்கு முன்பே கொடுத்திருக்கிறாள். தண்ணீருக்கு அடியில், அந்த வட்டத்துக்குள், என் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கையை நனைத்தேன். கண் கலைந்து, மறுபடி சேர்ந்தது.

விளக்கைக் கடந்தேன். அப்ப மேசையைக் கடந்தேன். தூபபீடத்தின் ஓரமாக ஒதுங்கி, திரையின் பக்கவாட்டை விலக்கி உள்ளே போனேன்.

இருட்டு. முன்பு இங்கே பகலில், கூரை போடாத வெளிச்சத்தில் நின்றிருக்கிறேன். இது வேறு. கையை முகத்துக்கு நேரே நீட்டினேன், தெரியவில்லை. தடவித் தடவிப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். அதன் மூடி, கிருபாசனம். அதன்மேல் குனிந்திருக்கும் இரண்டு மரக் கேருபீன்களின் சிறகு கையில் பட்டது. பெட்டிக்குப் பின்னால் மல்லாந்து படுத்தேன். நூல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டேன்.

நான்கு மூடல்களின் புழுக்கம். வியர்வை கழுத்தில் இறங்கியது. திரைக்கு அப்பால் ஜனங்கள் வந்து நிற்கும் அரவம். பாஸ்டரின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. வருஷத்துக்கு ஒரு தடவை பிரதான ஆசாரியர் ஒரே ஒருவர் மட்டும் பலியின் இரத்தத்தோடு உள்ளே போனதைச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் வெளியே நின்று, அவர் உயிரோடு திரும்புவாரா என்று காத்திருந்ததைச் சொன்னார். பிறகு குன்றின்மேல் சிலுவை நின்ற அந்த மதியத்தைச் சொன்னார். சூரியன் இருண்டதை, கர்த்தர் சத்தமிட்டதை. பேச்சை நிறுத்தினார்.

இழுத்தேன்.

உச்சியில் ஒரு தையல் விட்டது. இன்னொன்று. மூட்டை பிரியும் அதே சத்தம், ஆனால் அந்த அமைதியில் அது எங்கோ உயரத்திலிருந்து இறங்கி வந்தது. திரையின் தலைமாட்டில் நூல் அளவு வெளிச்சம். அது விரல் அளவாயிற்று. மேலே மட்டும் திறந்திருந்ததால் வெளிச்சம் என்மேல் விழவில்லை, பெட்டியின்மேல் விழவில்லை. விளக்கிலிருந்து சாய்வாக ஏறி, நேராகக் கூரைக்குப் போனது. பத்தாவது திரைக்கு. துணியை ஒட்டி, அதைத் தடவிக்கொண்டே ஓடியது.

கேருபீன்கள் கண் திறந்தார்கள்.

முதலில் ஒன்று. நெற்றியின் இழைகள் நெடுக ஓடின, வெளிச்சம் அவற்றில் நிற்காமல் வழுக்கிப்போனது. கண் இருந்த இடத்தில் இழைகள் குறுக்கே ஓடின. அங்கே வெளிச்சம் நின்றது. நின்று தங்கியது. அதே மஞ்சள், அதே நூல். அதற்குள் இமையின் வளைவு, விழி, விழிக்கு நடுவில் இன்னும் ஒரு திசையில் போட்ட சின்னச் சுழி. பிறகு எதிரில் இருந்ததும் திறந்தது. நான்கு கண்கள். எல்லாம் கீழே பார்த்தன. கிருபாசனத்தைப் பார்த்தன. அதற்குப் பின்னால் கிடந்த என்னைப் பார்த்தன.

கை நடுங்கவில்லை அவளுக்கு. ஒரு இழைகூடத் தவறவில்லை. மேலே டியூப்லைட் எரியும் மேசையில் இது தெரியாது. நின்று பார்த்தாலும் தெரியாது. அடியில் படுத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தெரியும். திரை மூடியிருக்கும்வரை அந்த வெளிச்சம் வராது என்று அவளுக்குத் தெரியும். திரை கிழியும் ஒரு நாளுக்காக, கிழிந்த பின் உள்ளே வருகிறவருக்காக, அவள் இதைத் தைத்திருக்கிறாள். இருட்டிலேயே தொங்கவிட்டாலும் திறக்கும் என்று நம்பித் தைத்திருக்கிறாள். எழுப்பறவங்க எழுப்பினா எழுந்துப்பாங்க.

நூல் முழுவதும் என் கைக்கு வந்துவிட்டிருந்தது. திரை தரைவரை இரண்டாகி விலகியிருந்தது. என் காதுக்குள் ஏதோ ஈரமாக இறங்கியது. வியர்வை என்று நினைத்தேன். இரண்டு காதிலும் இறங்கியது. கண்ணிலிருந்து வருகிறது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இனி யாரும் உள்ள வரலாம்” என்றார் பாஸ்டர்.

ஒருவரும் அசையவில்லை. கால் வைக்கப் பயந்தார்கள். பிறகு முதலில் வந்தது அத்தை. பெட்டியைச் சுற்றி வந்தவர், தரையில் கிடந்த என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“மாப்பிள்ளை, என்னாச்சு? விழுந்துட்டீங்களா?”

“விழலை. படுங்க அத்தை.”

“புத்தி கெட்டுப்போச்சா? என் முட்டி இருக்கிற லட்சணத்துல படுத்தா, திரும்ப எழுப்பறது யாரு?”

“நான் எழுப்பறேன். படுங்க. மேல பாருங்க.”

என் முகத்தில் எதைக் கண்டாரோ, பிறகு வாதாடவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்து உட்கார்ந்து, கையூன்றி, என் பக்கத்தில் சாய்ந்தார். மேலே பார்த்தார். அவர் கை சேலை ஓரத்தைத் தேடியது. ஊசியை எடுத்தார். அதிலிருந்து கறுப்பு நூலை உருவினார். விரலில் சுருட்டி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“முழிச்சிட்டாங்க” என்றார்.

“ஆமா அத்தை.”

“முடிச்சிட்டுத்தான் போயிருக்கா.”

“ஆமா.”

பையில் இருந்த குறடு முதுகில் உறுத்தியது. எடுத்துத் தள்ளி வைத்தேன்.

அதற்குள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் படுத்திருப்பதைப் பார்த்து ஒரு பெண் மண்டியிட்டு, பிறகு தானும் சாய்ந்தாள். இன்னொருவர் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு படுத்தார். பாஸ்டர் கோட்டோடு தரையில் கிடந்தார். அத்தனை பேரும் பார்க்க, மேலே அந்த நான்கு கண்களும் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

கிழிந்த திரையின் ஓரத்தில் ஃப்யூஸ் நின்றான். செருப்பு இல்லாத காலை உள்ளே வைக்கவில்லை. ஒரு கையால் திரையின் பாதியைப் பிடித்திருந்தான்.

“அண்ணே” என்றான். “நான் வரலாமா?”

நான் அத்தை பக்கம் நகர்ந்து படுத்தேன்.

“வா” என்றேன். “இடம் இருக்கு.”